யாருக்கு முதலில்? எப்போது வந்து சேரும்? பெருந்தொற்றுத் தடுப்பூசிப் பங்கீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா தடுப்பூசி என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் பக்கவிளைவில் போய் நிற்கும். அதைப் பற்றி இங்கே ஒன்றும் இல்லை. தயாரான மருந்து யாருக்கு முதலில் போனது, ஏன் அப்படிப் போனது, வழியில் அதற்கு என்ன ஆனது, அடுத்த முறை வேறு மாதிரி நடக்குமா என்று கேட்பவர்களுக்காக எழுதியது இது. சில கேள்விகளுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்குக் கதை சொல்லித்தான் ஆக வேண்டும்.

மருந்து தயாரானதும் எல்லோருக்கும் அனுப்ப வேண்டியதுதானே? இதில் நியாயம், அநியாயம் எங்கே வருகிறது?

2020 டிசம்பர் 8 அன்று இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் மார்கரெட் கீனன் என்ற 90 வயதுப் பாட்டிக்கு ஃபைசர் தடுப்பூசி போடப்பட்டது. பரிசோதனைக்கு வெளியே அந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட முதல் ஆள் அவர்தான். எல்லா நாடுகளுக்கும் பங்கு கிடைக்க வேண்டும் என்று தொடங்கப்பட்ட கோவாக்ஸ் திட்டத்தின் முதல் சரக்கு, கானாவின் தலைநகர் அக்ராவில் இறங்கியது 2021 பிப்ரவரி 24 அன்று. இடையில் 78 நாள்.

வந்தது 6 லட்சம் டோஸ். ஆளுக்கு இரண்டு என்றால் 3 லட்சம் பேருக்கு வரும். கானாவின் மக்கள்தொகை 3 கோடிக்கு மேல். நூற்றில் ஒருவருக்குக்கூட முழுதாகப் போதாது. அந்த ஜனவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் ஒரு கணக்குச் சொன்னார்: வசதியான 49 நாடுகளில் 3.9 கோடி டோஸ் போட்டாகிவிட்டது, மிக ஏழ்மையான நாடு ஒன்றில் போட்டது 25. லட்சமோ ஆயிரமோ இல்லை, வெறும் இருபத்தைந்து.

கடைசியில் உலகத்துக்குப் போதுமான டோஸ் தயாராகத்தான் செய்தது. மிஞ்சவும் செய்தது. ஆனால் அலை அடித்துக்கொண்டிருந்த மாதங்களில் அது எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. வெள்ளம் வடிந்த பிறகு வந்து நின்றாலும் கணக்குப் புத்தகத்தில் அதைப் படகு என்றுதான் எழுதுவார்கள். இந்த விஷயத்தில் எந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டினாலும், 'எத்தனை' என்று கேட்ட கையோடு 'எந்தத் தேதியில்' என்றும் கேட்டுவிடுங்கள்.

எல்லா நாட்டுக்கும் மக்கள்தொகைக்கு ஏற்றபடி சமமாகப் பிரித்திருந்தால்?

கோவாக்ஸ் போட்ட திட்டமே அதுதான். முதலில் ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் மக்கள்தொகையில் 20 சதவீதம் பேருக்குப் போதுமான அளவு. மருத்துவப் பணியாளர்கள், முதியவர்கள், ஏற்கெனவே நோயுள்ளவர்கள் எல்லாம் இந்த 20 சதவீதத்துக்குள் ஏறக்குறைய அடங்கிவிடுவார்கள் என்பது கணக்கு. அதற்கு மேல் தேவையைப் பார்த்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் நியூசிலாந்தில் அந்த நேரத்தில் தொற்று இல்லை என்றே சொல்லலாம். பெருவில் சவப்பெட்டிக்கு வரிசை. இரண்டுக்கும் ஒரே விகிதம் என்பது, தீப்பற்றிய தெருவுக்கும் பற்றாத தெருவுக்கும் ஆளுக்கு இரண்டு லாரி தண்ணீர் அனுப்புவது மாதிரி என்று மருத்துவ அறவியலாளர்கள் சிலர் அப்போதே எதிர்த்தார்கள். எங்கே உயிர் அதிகம் காப்பாற்றலாமோ அங்கே முதலில் கொடுங்கள் என்பது அவர்கள் வாதம்.

அதற்குப் பதிலும் இருந்தது. இன்று தீ எரிகிற தெரு, மருந்து போய்ச் சேரும் ஆறு வாரத்தில் அணைந்திருக்கும். வேறொரு தெரு பற்றியிருக்கும். தொற்றுக் கணக்கைச் சரியாக எடுக்கும் நாட்டுக்கு அதிகமும், பரிசோதனை வசதியே இல்லாத நாட்டுக்குக் குறைவும் போய்விடும். இன்னொன்று, சமவிகிதம் என்று சொன்னால்தான் எல்லா அரசுகளும் கையெழுத்துப் போடும். என்னைக் கேட்டால், முதல் சில மாதங்களுக்கு சமவிகிதம் சரிதான். சரக்கு ஓரளவு வரத் தொடங்கியதும் தேவைப்படி மாற்றியிருக்க வேண்டும். நடந்ததைப் பார்த்தால் இந்த விவாதமே ஆடம்பரம். பிரிப்பதற்குக் கையில் சரக்கு இருந்தால்தானே.

கோவாக்ஸ் கடைசியில் வென்றதா, தோற்றதா?

2020 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம், கவி தடுப்பூசிக் கூட்டணி, செப்பி என்ற ஆராய்ச்சி நிதி அமைப்பு ஆகியவை சேர்ந்து தொடங்கியது. கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை பெரும்பாலும் யுனிசெஃப் தலையில். 2021 முடிவுக்குள் 200 கோடி டோஸ் என்பது இலக்கு. நூறாவது கோடியையே 2022 ஜனவரி நடுவில்தான் தொட்டார்கள். 2023 டிசம்பர் 31 அன்று திட்டத்தை மூடும்போது 146 நாடுகளுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் கிட்டத்தட்ட 200 கோடி டோஸ் போய்ச் சேர்ந்திருந்தது. அதாவது வாக்குக் கொடுத்த எண்ணிக்கை வந்தது, இரண்டு வருடம் தாமதமாக.

தாமதத்துக்குக் காரணம் ஒன்றல்ல. கோவாக்ஸ் பணம் திரட்டிக்கொண்டிருந்த 2020 நடுப்பகுதியிலேயே வசதியான நாடுகள் கம்பெனிகளோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டு வரிசையின் முன்னால் போய் நின்றுவிட்டன. கனடா தன் மக்களைப் போலப் பல மடங்கு பேருக்குப் போதுமான டோஸ்களுக்கு முன்பதிவு செய்திருந்தது. எந்தத் தடுப்பூசி தேறும் என்று தெரியாததால் எல்லாக் குதிரையிலும் பணம் கட்டினோம் என்றார்கள். அது பொய்யில்லை. ஆனால் எல்லாக் குதிரையிலும் கட்டப் பணம் இருந்தது அவர்களிடம் மட்டும்தான்.

அப்புறம், கோவாக்ஸ் தன் தொடக்க காலச் சரக்குக்குப் பெரிதும் நம்பியிருந்தது இந்தியாவின் சீரம் நிறுவனத்தை. 2021 மார்ச்சில் இரண்டாம் அலை எழுந்தபோது இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. கோவாக்ஸுக்கு மறுபடி சரக்கு கிளம்பியது நவம்பரில். ஆக்சிஜனுக்கு மக்கள் தெருவில் அலைந்த நாட்களில் எந்த அரசாங்கமும் பெட்டியை வெளியே அனுப்பியிருக்காது என்பது என் எண்ணம். தவறு அதற்கு முன்னால் நடந்தது: உலகத்தில் பாதிக்கு ஒரே தொழிற்சாலை வாசலைக் காட்டியதுதான்.

அந்த எட்டு மாதத்துக்கு என்ன விலை? லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2022இல் ஒரு மாதிரிக் கணக்கு வெளியிட்டார்கள். தடுப்பூசி வந்த முதல் வருடத்தில் அது 1.44 கோடி சாவுகளைத் தடுத்தது. பதிவாகாத சாவுகளையும் சேர்த்தால் 1.98 கோடி. கோவாக்ஸின் அந்த 20 சதவீத இலக்கை 2021இல் எட்டியிருந்தால், மிக ஏழ்மையான நாடுகளில் நேர்ந்த சாவுகளில் சுமார் 45 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றும் அந்தக் கணக்கு சொன்னது.

சொந்த மக்களை முதலில் பார்ப்பது ஒரு அரசின் கடமைதானே? அதைக் குறை சொல்ல முடியுமா?

கடமைதான். தன் நாட்டு முதியவர்களைக் காக்க வைத்துவிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேள்வி அதற்கு அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. முதியவர்கள், நோயாளிகள், மருத்துவப் பணியாளர்கள் எல்லோருக்கும் போட்டு முடித்த ஒரு நாடு, அடுத்து ஆரோக்கியமான 20 வயதுக்காரருக்குப் போடுகிறது. அதே நாளில் இன்னொரு நாட்டில் கோவிட் வார்டு நர்ஸ் ஒருவர் ஒரு டோஸும் இல்லாமல் வேலைக்குப் போகிறார். இந்த இரண்டாவது கட்டத்தில் 'என் மக்கள்' என்ற வாதம் பாதி பலத்தை இழந்துவிடுகிறது.

பூஸ்டர் வந்தபோது இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. 2021 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம், செப்டம்பர் முடியும் வரையாவது பூஸ்டரை நிறுத்திவையுங்கள் என்று கேட்டது. பிறகு வருட முடிவு வரை என்று நீட்டித்தது. பெரிய நாடுகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விலையையும் பாருங்கள். ஒரே ஆஸ்ட்ராஜெனகா மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது டோஸுக்கு 2 டாலர் சொச்சம். தென்னாப்பிரிக்கா கொடுத்தது 5.25 டாலர். ஆராய்ச்சிக்கு முன்பணம் போட்டவர்களுக்குக் குறைந்த விலை என்று விளக்கம் சொல்லப்பட்டது. அந்த மருந்தின் பரிசோதனைகளில் ஒன்று தென்னாப்பிரிக்காவில், அந்த ஊர்க்காரர்கள் கையில் ஊசி குத்தித்தான் நடந்தது. அதற்கு விலைப் பட்டியலில் இடமில்லை போல.

ஒரு நாட்டுக்குள் யாருக்கு முதலில் போட வேண்டும்?

பெரும்பாலான நாடுகள் மருத்துவப் பணியாளர்களையும் முதியவர்களையும் முன்னால் வைத்தன. பிரிட்டன் ஒன்பது பிரிவாகப் பிரித்தது, கிட்டத்தட்ட எல்லாமே வயதுவாரியாக. இந்தோனேசியா வேறு வழியில் போனது. மருத்துவப் பணியாளர்களுக்கு அடுத்து 18 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் என்று 2021 ஜனவரியில் தொடங்கியது. அவர்கள் கையில் இருந்த சைனோவாக் மருந்துக்கு முதியவர்கள் பற்றிய தரவு அப்போது போதவில்லை. வேலைக்குப் போய் வருகிறவர்களால்தான் நோய் பரவுகிறது என்ற வாதமும் இருந்தது. தடுப்பூசி பரவலை எந்த அளவு தடுக்கும் என்பது அப்போது தெளிவாகாத நிலையில் அது ஒரு சூதாட்டம்தான். சாவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் வயதை மிஞ்சிய அளவுகோல் கிடையாது.

வயதுக்கு இன்னொரு வசதி உண்டு. அடையாள அட்டையில் பிறந்த தேதியைப் பார்த்தால் போதும். யாருக்கு என்ன நோய், யார் என்ன வேலை என்று நுணுக்கமாகப் போகப் போகச் சான்றிதழ் கேட்க வேண்டும், சண்டை வரும், வரிசை நிற்கும். அமெரிக்காவில் ஒரு பெரிய மருத்துவமனை 2020 டிசம்பரில் ஒரு கணினிச் சூத்திரம் எழுதி, முதல் 5,000 டோஸை யாருக்குப் போடுவது என்று முடிவு செய்தது. வயதுக்குப் புள்ளி, பணிபுரியும் பிரிவுக்குப் புள்ளி. அங்கே சுமார் 1,300 பயிற்சி மருத்துவர்கள். அவர்கள் இளைஞர்கள், மாறி மாறி எல்லா வார்டிலும் நிற்பவர்கள் என்பதால் 'பிரிவு' என்ற கட்டத்தில் போட ஒன்றும் இல்லை. பட்டியல் வந்தபோது அவர்களில் இடம்பெற்றவர்கள் ஏழே பேர். கோவிட் வார்டில் ராத்திரி முழுக்க நின்றவர்கள் இந்தப் பயிற்சி மருத்துவர்கள்தான். வீட்டிலிருந்து வேலை செய்த மூத்தவர்கள் சிலர் பட்டியலில் இருந்தார்கள். பட்டியலை நிர்வாகத்திடம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வார்டு நர்ஸிடம் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்.

வரிசையை முந்திக்கொண்டவர்களுக்கு என்ன ஆனது?

பெருவில் முன்னாள் அதிபர் மார்ட்டின் விஸ்காரா உட்பட 487 பேர், பரிசோதனைக்காக வந்த சைனோஃபார்ம் மருந்தை ரகசியமாகப் போட்டுக்கொண்டது 2021 பிப்ரவரியில் வெளியே வந்தது. சுகாதார அமைச்சரும் வெளியுறவு அமைச்சரும் பதவி விலகினார்கள். அதே மாதம் அர்ஜென்டினாவிலும் வேண்டியவர்களுக்கு முன்கூட்டியே ஊசி போட்ட விவகாரத்தில் சுகாதார அமைச்சர் போனார்.

கனடாவில் ஒரு பணக்காரத் தம்பதி வாடகை விமானம் பிடித்து, யூகான் பகுதியின் பீவர் க்ரீக் என்ற ஒதுக்குப்புறக் கிராமத்தில் இறங்கி, உள்ளூர் விடுதியில் வேலை செய்பவர்கள் என்று சொல்லிப் போட்டுக்கொண்டார்கள். பழங்குடி மக்களுக்காக அங்கே முதலிலேயே மருந்து அனுப்பியிருந்தார்கள். ஊசி போட்ட கையோடு விமான நிலையத்துக்கு வண்டி கேட்டதில் மாட்டிக்கொண்டார்கள். அபராதம் போட்டார்கள், அவ்வளவுதான்.

திறந்த குப்பியில் மருந்து மிச்சம் இருந்தால்? வரிசையில் இல்லாதவருக்குப் போடலாமா?

போடலாம், போட வேண்டும். பெரும்பாலான கோவிட் தடுப்பூசிகள் பல டோஸ் கொண்ட குப்பியில்தான் வந்தன. ரப்பர் மூடியில் முதல் ஊசி இறங்கிய நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்கும். பெரும்பாலானவற்றுக்கு ஆறு மணி நேரம். அதற்குப் பிறகு அது கழிவு. பத்துப் பேருக்கான குப்பியைத் திறந்து ஏழு பேர்தான் வந்திருந்தால், மிச்சம் மூன்றும் யாராவது மூன்று பேர் கையில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் குப்பைத் தொட்டியில்.

2020 டிசம்பர் 29 அன்று டெக்சாஸில் ஒரு டாக்டருக்கு இதுதான் நடந்தது. முகாம் முடியும் நேரத்தில் ஒருவருக்காக மாடர்னா குப்பியைத் திறந்தார்கள். பத்து டோஸ் மிஞ்சியது. அங்கிருந்த பணியாளர்களைக் கேட்டார், போட்டுக்கொண்டாயிற்று என்றார்கள் அல்லது வேண்டாம் என்றார்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் போன் செய்து, தெரிந்தவர்களின் வயதான பெற்றோர், படுத்த படுக்கையாக இருப்பவர் என்று தேடிப் போய்ப் போட்டார். நள்ளிரவு நெருங்கும்போது கடைசி டோஸுக்கு வருவதாகச் சொன்னவர் வரவில்லை. நுரையீரல் நோய் உள்ள தன் மனைவிக்கே போட்டார். வேலை போயிற்று, திருட்டு வழக்கும் வந்தது. வழக்கை நீதிபதி தள்ளுபடி செய்தார். பின்னர் விசாரித்த நடுவர் குழுவும் குற்றம் சாட்ட மறுத்தது.

ஒரு மாதம் கழித்து ஆரிகன் மாநிலத்தில் முகாம் முடித்துத் திரும்பிய சுகாதாரப் பணியாளர்கள் பனியில் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டார்கள். கையில் ஆறு டோஸ், நேரம் முடியப்போகிறது. இறங்கி, நின்றிருந்த கார்களின் கண்ணாடியைத் தட்டி, 'தடுப்பூசி வேண்டுமா' என்று கேட்டு ஆறு பேருக்கும் போட்டுவிட்டார்கள். அவர்களுக்குப் பாராட்டு. டெக்சாஸ் டாக்டருக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர்களின் காத்திருப்புப் பட்டியலை, போன் எண்ணோடு, காலையிலேயே எழுதி வைத்திருந்தால் இரண்டு இடத்திலும் அலைச்சல் இருந்திருக்காது.

ஃபைசர் குப்பியில் ஐந்து டோஸா, ஆறா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

ஆரம்பத்தில் வந்த குப்பியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். உள்ளே உருகிய மருந்து 0.45 மி.லி. அதில் உப்புக் கரைசல் 1.8 மி.லி. ஊற்ற வேண்டும். மொத்தம் 2.25. ஒருவருக்கு 0.3 மி.லி. வகுத்தால் ஏழரை வருகிறது. ஆனாலும் லேபிளில் இருந்தது ஐந்து. ஏனென்றால் சாதாரண சிரிஞ்சில் உந்துதண்டை முழுக்க அழுத்தினாலும் முனையிலும் ஊசிக்குள்ளும் சொட்டு மருந்து தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் அந்தச் சொட்டு வீண். வீணாகும் இடம் குறைவாக உள்ள விசேஷ சிரிஞ்சு இருந்தால் ஆறாவது டோஸ் எடுத்துவிடலாம். 2020 டிசம்பரில் அமெரிக்காவும் 2021 ஜனவரியில் ஐரோப்பாவும் ஆறு என்று ஒப்புக்கொண்டன.

நல்ல செய்திதானே என்று தோன்றும். கம்பெனி உடனே குப்பிக்கு ஆறு என்று கணக்கு வைத்துக்கொண்டது. ஒப்பந்தம் டோஸ் கணக்கில் இருந்ததால், அதே ஒப்பந்தத்துக்கு வரும் குப்பிகள் குறைந்தன. விசேஷ சிரிஞ்சு கிடைக்காதவர்கள் ஆறுக்குக் காசு கொடுத்து ஐந்து பேருக்குப் போட வேண்டியதாயிற்று. ஊசி முனையில் தங்கிய அந்தச் சொட்டு யார் கணக்கில் போனது என்று பாருங்கள்.

மைனஸ் 70 டிகிரி என்று பயமுறுத்தினார்களே, அது உண்மையிலேயே அவ்வளவு சிரமமா?

சிரமம்தான், ஆனால் முதலில் சொன்ன அளவுக்கு இல்லை. ஃபைசர் மருந்து உலர்பனி நிரப்பிய பெட்டியில் வந்தது. ஒரு தட்டில் 195 குப்பி, பெட்டிக்கு அதிகபட்சம் ஐந்து தட்டு, ஆக 975 குப்பி. ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் திறக்கக்கூடாது. திறந்தால் மூன்று நிமிடத்துக்குள் மூட வேண்டும். ஐந்து நாளுக்கு ஒருமுறை உலர்பனி மாற்ற வேண்டும். உலர்பனி ஆவியாகி கரியமில வாயுவாக மாறும் என்பதால் ஒரு விமானத்தில் இவ்வளவுதான் ஏற்றலாம் என்ற கட்டுப்பாடு வேறு. இருநூறு பேர் உள்ள ஒரு மலைக்கிராமத்துக்கு ஒரு தட்டு என்பதே ரொம்ப அதிகம். ஒரு தட்டில் ஆயிரம் பேருக்கு மேல் போடலாம்.

ஆரம்பத்தில், சாதாரண ஃபிரிஜ்ஜில் 2 முதல் 8 டிகிரியில் ஐந்து நாள்தான் தாங்கும் என்றார்கள். 2021 மே மாதம் அது ஒரு மாதம் ஆனது. மருந்து மாறவில்லை. ஐந்து நாளுக்கு மேல் வைத்துப் பார்த்த தரவு முதலில் இல்லை, பிறகு வந்தது. ஆனால் அதற்குள் எந்தெந்த நாடுகளால் ஃபைசர் போன்ற எம்ஆர்என்ஏ வகை மருந்தைக் கையாள முடியும், எவற்றால் முடியாது என்று பலர் மனதில் முடிவு எழுதியாகிவிட்டது. எபோலா தடுப்பூசிக்கும் இதே அளவு குளிர் வேண்டும். கினியிலும் காங்கோவிலும் விசேஷக் குடுவைகளில் வைத்து மின்சாரம் இல்லாத ஊர்களுக்கு அதைக் கொண்டுபோனார்கள். 'ஆப்பிரிக்காவால் முடியாது' என்று பேசியவர்கள் இதை மறந்துவிட்டார்கள்.

மாடர்னாவுக்கு மைனஸ் 20 போதும். ஆஸ்ட்ராஜெனகாவுக்குச் சாதாரண ஃபிரிஜ் போதும், ஆறு மாதம் தாங்கும். ஜான்சன் அண்டு ஜான்சனும் ஃபிரிஜ் வகைதான், அதுவும் ஒரே டோஸ். போய்ச் சேருவது கடினமான இடங்களுக்கு அதுதான் வரம் மாதிரி. அதை அதிகம் தயாரித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வழியில் வெயில் பட்டுக் கெட்டுப்போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வழக்கமான தடுப்பூசிக் குப்பிகளில் ஒரு வட்டமும் அதற்குள் வெளிர் சதுரமும் அச்சிட்டிருக்கும். சூடு படப் படச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் தூக்கிப்போட வேண்டும். 1996இல் போலியோ சொட்டு மருந்தில் தொடங்கிய ஏற்பாடு இது. படிக்கத் தெரியாதவரும் பார்த்துச் சொல்லிவிடலாம். அவசரத்தில் வந்த கோவிட் தடுப்பூசிகள் பெரும்பாலும் இந்த அடையாளம் இல்லாமலே வந்தன. ஆகவே பெட்டியோடு வரும் வெப்பமானிப் பதிவை மட்டும் நம்ப வேண்டியிருந்தது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: சில மருந்துகளுக்குச் சூட்டைவிட உறைவதுதான் ஆபத்து. ஐஸ் கட்டியோடு ஒட்டிவைத்தே கெடுத்துவிடலாம்.

ஃபிரிஜ் இல்லாத காலத்தில் தடுப்பூசியை எப்படிக் கொண்டுபோனார்கள்?

மனிதக் கையில். 1803 நவம்பர் 30 அன்று ஸ்பெயினின் லா கொருன்யா துறைமுகத்திலிருந்து பால்மிஸ் என்ற மருத்துவர் அமெரிக்கக் கண்டத்துக்குப் பெரியம்மைத் தடுப்பு மருந்தோடு கிளம்பினார். மருந்து என்பது பசு அம்மைக் கொப்புளத்தின் நீர். சில நாளில் வீரியம் போய்விடும். அதனால் 22 அநாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றினார். முதலில் இரண்டு பேருக்குக் குத்துவது, ஒன்பது பத்து நாளில் கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து எடுத்து அடுத்த இரண்டு பேருக்குக் குத்துவது. இப்படியே கடல் கடந்தது. பையன்களைப் பார்த்துக்கொள்ள இசபெல் செந்தால் என்ற பெண்மணி கூடப் போனார்.

உலகின் முதல் பெரிய தடுப்பூசிப் பயணம் என்று இதைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியதுதான். அந்தப் பையன்களிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. பின்னால் பெரியம்மையை ஒழிக்க முடிந்ததற்குப் பெரிய காரணம், உறைய வைத்து உலர்த்திய, சூட்டைத் தாங்கும் மருந்து வந்தது. 1980இல் நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

நன்கொடையாக வந்த தடுப்பூசியை ஏழை நாடுகள் எரித்தது ஏன்? இருப்பதையே பயன்படுத்தத் தெரியவில்லை என்கிறார்களே?

மலாவியை எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச் 26 அன்று ஆப்பிரிக்க ஒன்றியம் வழியாக 1,02,000 டோஸ் வந்தது. பெட்டியில் காலாவதித் தேதி ஏப்ரல் 13. கையில் 18 நாள். அதற்குள் தலைநகரில் பதிவு செய்து, மாவட்டங்களுக்குப் பிரித்து, ஆளைக் கூப்பிட்டு, போட்டு முடிக்க வேண்டும். பெரும்பகுதியைப் போட்டுவிட்டார்கள். காலாவதியான 19,610 டோஸை மே மாதம் பகிரங்கமாக எரித்தார்கள். காலாவதி மருந்தைப் போடுகிறார்கள் என்ற வதந்தியை அடக்கத்தான் எல்லோர் முன்னிலையிலும் எரித்தார்கள். உலகம் அந்தப் புகையைத்தான் படம் பிடித்தது.

டிசம்பரில் நைஜீரியா 10,66,214 டோஸை அழித்தது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஏழை நாடுகள் 10 கோடிக்கும் அதிகமான டோஸ்களை வாங்க மறுத்தன என்றும், முக்கியக் காரணம் காலாவதி நெருங்கியிருந்ததுதான் என்றும் யுனிசெஃப் சொன்னது. ஒரு வசதியான நாட்டின் கிடங்கில் ஆறு மாத ஆயுளில் நாலரை மாதம் உட்கார்ந்திருந்த மருந்து, 'இனி எங்களுக்கு வேண்டாம்' என்று தெரிந்த பிறகு கிளம்பினால் இப்படித்தான் வந்து சேரும். கொடுத்தவர் பெயரில் டோஸ் எண்ணிக்கை ஏறும். வீணடித்த பழி வாங்கியவர் மேல் விழும்.

2021 நவம்பர் இறுதியில் ஆப்பிரிக்க அமைப்புகளும் கோவாக்ஸும் சேர்ந்து நன்கொடைக்கு நிபந்தனை வைத்தன: நாட்டில் இறங்கும்போது குறைந்தது பத்து வாரம் ஆயுள் இருக்க வேண்டும், வருவதை நான்கு வாரம் முன்பே சொல்ல வேண்டும், சிரிஞ்சும் சேர்ந்து வர வேண்டும். இதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்ததே வெட்கக்கேடு.

காப்புரிமையை ரத்து செய்திருந்தால் எல்லோரும் தயாரித்திருப்பார்களே?

பாதி உண்மை. இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபர் 2 அன்று உலக வர்த்தக அமைப்பில் இதைக் கேட்டன. அமெரிக்கா 2021 மே மாதம் தடுப்பூசிக்கு மட்டும் ஆதரவு என்றது. முடிவு வந்தது 2022 ஜூன் 17 அன்று, அதுவும் வெகுவாகச் சுருங்கி. அதற்குள் சந்தையில் தடுப்பூசி தேங்கத் தொடங்கிவிட்டது.

ஆனால் காப்புரிமை மட்டும் பூட்டு இல்லை. பெருந்தொற்று முடியும்வரை காப்புரிமைக்காக வழக்குப் போட மாட்டோம் என்று மாடர்னா 2020 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. செய்முறையை மட்டும் சொல்லித் தரவில்லை. கேப்டவுனில் ஆஃப்ரிஜென் நிறுவனம், பொதுவெளியில் இருந்த மரபணு வரிசையை வைத்துக்கொண்டு தானாகவே அதைப்போன்ற ஒன்றைச் செய்து 2022 பிப்ரவரியில் காட்டியது. கற்றுத் தர ஆள் இருந்திருந்தால் எத்தனை மாதம் மிச்சம் என்று யோசிக்கலாம்.

தயாரித்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஆஸ்பென் ஆலையில் குப்பியில் அடைத்த ஜான்சன் தடுப்பூசியில் ஒரு பகுதி 2021இல் ஐரோப்பாவுக்குப் போனது. கூச்சல் எழுந்தபிறகு நிறுத்தினார்கள். பிறகு அதே ஆலை சொந்தப் பெயரில் விற்க உரிமம் வாங்கி 2022இல் காத்திருந்தபோது, ஆர்டர் கொடுக்க ஆளில்லை. தொழிற்சாலை கட்டுங்கள் என்று மேடையில் சொல்வது சுலபம். சாதாரண வருடங்களிலும் அதனிடம் வாங்கினால்தான் அவசரத்துக்கு அது உயிரோடு இருக்கும்.

கடைசிக் கிராமம் வரை வேகமாகக் கொண்டுபோன நாடு ஏதாவது உண்டா?

பூடான். 2021 மார்ச் 27 அன்று தொடங்கி, இரண்டு வாரத்தை ஒட்டித் தகுதியுள்ள பெரியவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் முதல் டோஸ் போட்டு முடித்தார்கள். இந்தியாவிலிருந்து முதல் தவணை ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஆனாலும் எல்லோருக்கும் போதுமான சரக்கு வரட்டும் என்று காத்திருந்தார்கள். ஜோதிடம் பார்த்து நல்ல நாளும் குறித்தார்கள். ஹெலிகாப்டரில் மருந்தை இறக்கி, அங்கிருந்து பனியிலும் சேற்றிலும் நடந்தே மலைக்கிராமங்களுக்குப் போனார்கள். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் என்பதால் 'அவருக்கு முதலில் ஏன்' என்ற சண்டையே எழவில்லை. சிறிய நாடு, அதனால் முடிந்தது என்பது சரி. ஆனால் ஒரு சின்ன சங்கதி: ஏற்றுமதி நின்றதால் இரண்டாவது டோஸுக்கு ஜூலை வரை காத்திருந்து, வெவ்வேறு நாடுகளின் நன்கொடையை வைத்துச் சமாளித்தார்கள்.

கானாவில் ட்ரோன் மூலமும் அனுப்பினார்கள். கடைசிக் கட்டத்தில் ட்ரோனைவிடப் பெரிய தடை பல நாடுகளில் செல்போன் பதிவுதான். இணையத்தில் இடம் பிடித்தால்தான் ஊசி என்றதும், விரல் வேகமாக ஓடுகிற இளைஞர் பக்கத்து ஊர் முகாமில் இடம் பிடித்துவிடுவார். அந்த ஊர்ப் பாட்டி வெளியே நிற்பார்.

நாடே இல்லாதவர்களுக்கு, அகதிகளுக்கு?

கோவாக்ஸ் தன் டோஸ்களில் 5 சதவீதம் வரை அவர்களுக்கென்று ஒதுக்க ஏற்பாடு செய்தது. அதில் வெளியே வந்தது மிகக் கொஞ்சம். பக்கவிளைவு வந்தால் வழக்கு எங்கள் மேல் வரக்கூடாது, அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று கம்பெனிகள் கேட்டன. முகாமில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்துக்கு அப்படிக் கையெழுத்துப் போட அரசு எது?

அடுத்த பெருந்தொற்றில் மாறுமா?

2024 ஆகஸ்ட் 14 அன்று எம்பாக்ஸ் (முன்பு குரங்கு அம்மை என்றார்கள்) நோய்க்காக உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவித்தது. தடுப்பூசி ஏற்கெனவே இருந்தது. 2022இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் தங்கள் மக்களுக்குப் போட்டிருந்தன. நோய் பல வருடமாக இருந்துவரும் காங்கோ ஜனநாயகக் குடியரசில் முதல் சரக்கு இறங்கியது செப்டம்பர் 5, ஏறத்தாழ 1 லட்சம் டோஸ். அங்கே நோயாளிகளில் பெரும்பாலோர் குழந்தைகள். வந்த மருந்துக்குப் பெரியவர்களுக்குப் போடத்தான் அனுமதி இருந்தது.

2025 மே 20 அன்று உலக சுகாதார மாநாடு பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய நாள் நடந்த குழு வாக்கெடுப்பில் 124 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு இல்லை, 11 நாடுகள் ஒதுங்கின. அமெரிக்கா அதில் சேரவில்லை. அதன்படி, கிருமி மாதிரிகளைப் பகிரும் ஏற்பாட்டில் சேரும் கம்பெனிகள், பெருந்தொற்றுக் காலத்தில் தயாரிப்பதில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். அதில் பாதியாவது இலவசமாக. விவரங்களை ஒரு தனிப் பிற்சேர்க்கைக்கு விட்டுவிட்டார்கள், அது முடிந்த பிறகுதான் நாடுகள் கையெழுத்திடத் தொடங்க முடியும்.

20 என்ற எண்ணைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் பார்ப்பது அந்த வாசகத்தில் அதோடு ஒட்டியிருக்கும் இன்னொரு நிபந்தனையை: தயாராகத் தயாராக, அந்தந்த நேரத்திலேயே 20 சதவீதம். முதல் மாதம் ஆலையிலிருந்து 100 பெட்டி வெளியே வந்தால், அந்த மாதமே 20 பெட்டி.